தடுத்தாட்கொள்ளலும் தக்கவைத்தலும்: திருவெண்ணெய்நல்லூர் ஆசிரிய மரபைக் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கல்லூரியில் சேர்ந்தோரின் தொகையைக் கூறுதல் எளிது. சேர்ந்தோருள் எத்தனை பேர் இறுதிவரை நிலைத்தனர் எனக் கூறுதல் அத்துணை எளிதன்று. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் இவ்விகிதம் சேர்ந்தோரைக் குறிப்பதேயன்றி நிலைத்தோரைக் குறிப்பதன்று. முதற் பருவத் தேர்வுக்குப் பின் எவரிடமும் சொல்லாமல் நின்றுவிடும் மாணவனும், இரண்டாம் ஆண்டில் திருமணத்தின்பொருட்டு நிறுத்தப்படும் மாணவியும் இதில் தனியே தெரிவதில்லை.

மாணவரின் இடைநிற்றலைப் பொருளியலாரும் கல்வி நிருவாகத்தினரும் பலபட ஆராய்ந்துள்ளனர். அவர்தம் ஆய்வுகளை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழையும்போது, ‘மாணவன் எனப்படுபவன் யார்?’ என்பதைக் குறித்த ஒரு முற்கருத்தோடுதான் நுழைகிறார். அக்கருத்தைப் பெரிதும் உருவாக்கியது நம் இலக்கிய மரபு. ஆகலின் அம்மரபை ஆராய்தலும் இச்சிக்கலை ஆராய்தலேயாகும்.

இதற்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரைத் தேர்ந்துகொள்ளக் காரணமுண்டு. சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்டதாகச் சேக்கிழார் பாடிய தலம் இது. மெய்கண்டார் வாழ்ந்து பாடஞ்சொன்ன ஊரும் இதுவே. கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலையும் மரபு இவ்வூரோடு இணைத்துப் பேசுகிறது. ஒருவரைத் தக்கவைத்தல் எவ்வாறு என்பதற்கு இவ்வூர் மூன்று விடைகளைத் தருகிறது: ஓலை, உணவு, ஆசிரியர். இங்குள்ள திருக்கோயிலின் இறைவனுக்குக் கிருபாபுரீசுவரர் என்பது பெயர். கிருபை என்னும் சொல்லை நாள்தோறும் வழங்கும் நமக்கு இப்பெயர் அந்நியமாய்த் தோன்றாது. இக்கதைகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளாமல், இலக்கியமாகவும் மரபுச் செய்தியாகவுமே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

1. நன்னூலின் அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணம் கூறப் புகுமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் கூறுகிறது. மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உவமை காட்டுகிறது. கடை மாணாக்கர்க்குக் காட்டப்படும் உவமைகளுள் ஒன்று ஓட்டைக் குடம். அதன்பின், எவர்க்கு நூல் சொல்லலாகாது என்பதற்கு ஒரு நீண்ட பட்டியலும் உண்டு. செருக்குடையவன், மாறுகொண்டு பேசுபவன், சினமுடையவன், நோயாளி, மந்த புத்தியுடையவன், பழைய நூல்களின் அருமை கண்டு அஞ்சித் தடுமாறுபவன் முதலியோர் அதில் அடங்குவர்.

இப்பட்டியல் இன்றும் நம் கல்லூரிகளில் எழுதப்படாத சட்டமாக வழங்கிவருகிறது. ஆசிரியர் ஓய்வறையில், ‘அவன் தேறமாட்டான்’, ‘அவளுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்லப்படும்போது பவணந்தியாரின் பட்டியலே வேறு சொற்களில் ஓதப்படுகிறது. இடைநின்றவன் ஓட்டைக் குடம் எனக் கொண்டுவிட்டால், நீர் ஊற்றியவர்மேல் குற்றமில்லை என்றாகிவிடுகிறது.

ஆனால் நன்னூலை இவ்வளவோடு நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. மாணாக்கரை அளக்குமுன் அது ஆசிரியரை அளக்கிறது. ஆசிரியராகத் தகாதவர்க்கு அது காட்டும் உவமைகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கன. ஒன்று மடல் நிறைந்த பனை; பழம் தானே விழுந்தாலன்றி எவரும் ஏறிப் பறிக்கவியலாதது. மற்றொன்று வளைந்த தென்னை. ஒருவர் நீர் வார்க்க, வேறொருவர் தோட்டத்தில் காய்களை உதிர்ப்பது. அணுகவியலாத பேராசிரியரையும், கல்லூரியில் ஊதியம் பெற்று வெளியே தனிவகுப்பில் உழைப்பவரையும் இதனினும் கூர்மையாகக் கூறுதல் அரிது. கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து பாடஞ்சொல்ல வேண்டும் என்னும் கடமையையும் அந்நூல் ஆசிரியர்மேல் வைக்கிறது. நாமோ மாணாக்கர் பட்டியலை மட்டும் கைக்கொண்டு ஆசிரியர் பட்டியலை மறந்தோம்.

2. ஓலையும் பாட்டும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம், பட்டியலுக்கு எதிரான ஒரு கதையைக் கூறுகிறது. திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் புத்தூரில் திருமணம் நடக்கவிருந்த வேளையில், முதிய அந்தணர் ஒருவர் ஓலையோடு வந்து, ‘உன் பாட்டன் தன்னையும் தன் வழியினரையும் எனக்கு அடிமையென எழுதிக் கொடுத்தான்’ என வழக்கிடுகிறார். சுந்தரர் நகைக்கிறார்; அவரைப் பித்தன் என்கிறார்; ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் மூல ஓலையைக் காட்ட, பாட்டனின் வேறு கையெழுத்தோடு அதனை ஒப்புநோக்கி, அடிமை என்றே அவை தீர்ப்பளிக்கிறது.

இதில் நம் கருத்துக்குரியது யாதெனின், தீர்ப்பு வந்த இடத்தில் பாட்டு வரவில்லை என்பதே. ஓலை சுந்தரரை ஊர் வரை கொண்டுவந்தது, அடியவராக்கவில்லை. தீர்ப்புக்குப் பின், ‘உமது வீடு எங்கே?’ என்று கேட்கப்பட, முதியவர் முன்னே நடந்து அருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைகிறார். அங்கேதான் சுந்தரருக்கு உண்மை புலப்படுகிறது. என்ன பாடுவது எனத் திகைத்து நின்றவருக்கு, முன்பு தன்னை ஏசிய பித்தன் என்னும் சொல்லையே முதலாகக் கொண்டு பாடும்படி ஆணை பிறக்கிறது. வன்மையாக வாதிட்டதனால் வன்றொண்டர் என்னும் பெயரும் கிடைக்கிறது.

பவணந்தியாரின் பட்டியலின்படி இவர் விலக்கப்பட வேண்டியவர். மாறுகொண்டு பேசினார், சினந்தார், ஆவணத்தையே அழித்தார். இங்கோ அக்குற்றங்களே அவருடைய முதற்பாடமாகவும் பட்டமாகவும் மாற்றப்படுகின்றன. ஏசலைப் பொறுத்தருளிய அளவில் நிற்காமல், அதனையே தொடக்கமாக ஏற்றுக்கொண்டதே தடுத்தாட்கொள்ளலின் நுட்பம் எனலாம்.

நம் காலக் கல்லூரிகளுக்கும் ஓர் ஓலையுண்டு. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலக விரும்புவோரிடம் எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்ட நிறுவனங்கள் இருந்தன. இதனைத் தடுக்கும் வகையில் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரவேண்டும் எனப் பணித்தது. ஓலையால் பிடித்துவைக்கப்படும் மாணவன் பதிவேட்டில் இருப்பான், வகுப்பில் இரான்.

உணவின் வழியும் உண்டு. சடையப்ப வள்ளலின் வழிவந்தவை என்றே நம் உதவித்தொகைகளைக் கருதலாம். அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பேருந்துச் செலவுக்கும் உணவுக்கும் திண்டாடும் வீடுகளில் இத்தொகை ஒரு மாணவியைக் கல்லூரியில் நிறுத்தப் போதுமானதாக இருக்கக்கூடும். அதனைச் சிறிதென எண்ணற்க. ஆயினும் வள்ளல் கம்பரை வாழவைத்தார். காவியத்தைக் கம்பரே பாடவேண்டியிருந்தது. பொருள் தடையை நீக்கும். கற்கும் விருப்பை அதுவே பிறப்பித்துவிடாது.

3. வினாவுக்கு இடமளித்த பள்ளி

மூன்றாவது வழி மெய்கண்டாருடையது. பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் என மரபு கூறும் இவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தைப் பன்னிரு நூற்பாக்களில் அருளினார். இவர்தம் தலைமாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், வயதில் இவரினும் மூத்தவர். இவர் குடும்பத்திற்கே குலகுரு. ஆகமங்கள் அனைத்தும் கற்றவரெனச் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். இளைஞர் ஒருவர் பாடஞ்சொல்வதைப் பொறாமல் வந்து, ‘ஆணவமாவது யாது?’ என வினவியபோது, மெய்கண்டார் விடைகூறாமல் அவரையே சுட்டிக்காட்டினார் என்றும், அக்கணமே அவர் மாணாக்கரானார் என்றும் கதை கூறுகிறது. பட்டியலின்படி செருக்குடையவர்க்கும் இடமில்லை. இவ்வூரிலோ அவரே தலைமாணாக்கர்.

ஆனால் கதையை இங்கு நிறுத்திவிட்டால் பெரும் பிழை நேரும். புகழ்பெற்ற பண்டிதரைச் சுட்டிய விரலுக்கும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பதினேழு வயதினனைச் சுட்டும் விரலுக்கும் வேற்றுமை பெரிது. முன்னது தெளிவித்தது, பின்னது அவமதிக்கும். ஆசிரியர் பலர் மெய்கண்டாரின் விரலை மட்டும் கடன்வாங்கிக்கொள்கின்றனர்.

அப்பள்ளியின் உண்மைப் பெருமை, அதன்பின் நிகழ்ந்ததில் விளங்குகிறது. அருணந்தியார் இயற்றிய இருபா இருபஃது, தம் ஆசிரியரை முன்னிலைப்படுத்தி வினாவும் ஐயமுமாகவே அமைந்த இருபது பாடல்கள். மற்றொரு மாணாக்கராகிய திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கமும், மாணாக்கர் கேட்க ஆசிரியர் விளக்கும் முறையில் அமைந்ததே. மெய்கண்ட சாத்திரங்கள் எனப்படும் பதினான்கில் மெய்கண்டார் இயற்றியது ஒன்று. அவரிடம் நேரே பயின்ற இவ்விருவர் இயற்றியவை மூன்று. ஆசிரியரின் சிறுநூலை விரித்து, பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தோடு பெருநூலாகச் செய்தது அருணந்தியாரின் சிவஞானசித்தியார். ஆசிரியர் சுருங்கப் பேசினார். மாணாக்கர் விரிவாக எழுதினர். வினாக்கள் அடக்கப்படாமல் நூல்களாகவே போற்றப்பட்டன. இவ்வழிவந்த ஆசிரியரைச் சந்தான குரவர் என மரபு அழைப்பது பொருத்தமுடையது. ஒரு பள்ளி தன் மாணவரைத் தக்கவைத்தது என்பதற்கு, அம்மாணவர் பின்னர் ஆசிரியராயினர் என்பதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

4. மரபு சொல்லாமல் விட்டது

எனினும் இம்மரபின் எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும். சுந்தரர் வாதிட்டார், அருணந்தியார் வினவினார். இருவரும் அவையில் பேசும் உரிமையோடு பிறந்தவர்கள். இன்று நம் கல்லூரிகளை விட்டு விலகுவோர் பெரும்பாலும் வாதிடுவதில்லை. ஒரு திங்கட்கிழமை வராமற்போகிறார்கள், அவ்வளவே.

இவர்களுக்கு நெருங்கியது பெரியபுராணத்தின் மற்றொரு கதை. ஆதனூரில் வாழ்ந்த நந்தனார் திருப்புன்கூர் சென்று வெளியே நின்றபோது, மறைத்து நின்ற நந்தி விலகிக்கொடுக்க, அவர் கண்குளிரக் கண்டார். தில்லையிலோ அவர் தீயில் மூழ்கி வேறு வடிவொடு எழுந்த பின்னரே உள்ளே புகுந்தார். ஒரே அடியவருக்கு இருவேறு வரவேற்புகள். முன்னதில் கோயில் தன்னை மாற்றிக்கொள்கிறது. பின்னதில் வந்தவன் தன்னை எரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேக்கிழார் இரண்டையும் அருளென்றே பாடினார். அவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ள நம்மால் இயலாது.

மேலைநாட்டுக் கல்வியியலாரிடையேயும் இவ்வழக்கு நிகழ்ந்துள்ளது. அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்ட்டோ 1975இல் எழுதிய கட்டுரையிலும் 1987இல் வெளியிட்ட நூலிலும், மாணவன் கல்லூரியின் கல்வி வாழ்வோடும் சமூக வாழ்வோடும் எவ்வளவு இணைகிறானோ அவ்வளவு நிலைப்பான் என்றார். இக்கொள்கை பெருஞ்செல்வாக்குப் பெற்றது. வில்லியம் டியர்னி என்பார் 1992இல் இதனை மறுத்து, இணைதல் என்பது சிறுபான்மை இனத்து மாணவரைத் தம் பண்பாட்டைத் துறக்கச் சொல்வதாக முடிகிறது என்றார். இணைப்பு வேண்டும் என்பது மெய். யார் யாரோடு இணைய வேண்டும் என்பதே வினா. கல்லூரி விலகி வழிவிடுமா, மாணவன் தீயில் மூழ்க வேண்டுமா? வீட்டுப் பேச்சை நகைக்கும் வகுப்பறையும், ஊர்ப்பெயர் கேட்டுத் தெரு அறிய முயலும் வினாவும் தில்லையின் தீயைச் சேர்ந்தவையே.

5. எதற்காகத் தக்கவைத்தல்?

சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் வெளியிட்டவர் அமெரிக்க மிஷனரியாகிய ஹென்றி ஹொய்சிங்டன். அவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியின் தலைவராகப் பணியாற்றியவர். திருவெண்ணெய்நல்லூரின் நூலைப் பெயர்த்தவரது கல்லூரியே நமக்கு ஒரு பாடமாகிறது. 1823இல் தொடங்கிய அச்செமினரி தமிழும் ஆங்கிலமும் அறிவியலும் கற்பித்தது. மாணவர் பலர் ஆங்கிலக் கல்வி பெற்று அரசு அலுவல்களை நாடினர். ஊழியத்திற்கு வந்தோர் மிஷன் எதிர்பார்த்த அளவினர் அல்லர். இக்குறையை முன்வைத்து 1855இல் செமினரி மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியில் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக நின்று, கலித்தொகையை 1887இல் அச்சேற்றியது உட்பட, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

நிறுவனத்தின் கணக்கில் இவர்கள் தக்கவைக்கப்பட்டவர்களா, இழக்கப்பட்டவர்களா? தன் எதிர்பார்ப்புக்கு ஏற்ப வளர்ந்தோரை மட்டும் எண்ணினால் இழக்கப்பட்டவர்கள். கற்றவர் கற்றதனால் நிகழ்ந்த நன்மையை எண்ணினால், அச்செமினரி மூடப்பட்ட பின்னும் தன் மாணவரை இழக்கவில்லை. சேர்க்கை குறைந்தால் பணியிடம் போகும் என்னும் அச்சத்தால் மாணவரைத் தக்கவைக்கப் பாடுபடுவோரும், திருச்சபைக்குப் பயன்படாதவனுக்கு ஏன் உழைக்க வேண்டும் என எண்ணும் இறையியல் ஆசிரியரும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இருவர்க்கும் மாணவன் வழியேயன்றி முடிவல்லன்.

6. ஆசிரியரும் அலுவலரும் செய்யத்தக்கன

மேற்கண்ட ஆராய்ச்சியிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவது, வருகைப் பதிவேட்டைப் பருவத்தின் இறுதியில் அன்று, மூன்றாம் நாளிலேயே நோக்குதல் வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை என்னும் விதி, குறைந்தவனைத் தேர்விலிருந்து நிறுத்தவும் தண்டக் கட்டணம் பெறவுமே பெரும்பாலும் பயன்படுகிறது. தொடர்ந்து மூன்று நாள் வராதவனின் வீட்டிற்கு அன்றே ஒரு தொலைபேசி அழைப்புச் சென்றால் அதே பதிவேடு மேய்ப்பனின் கருவியாகும். முதல் ஆறு வாரங்களில் இதனைச் செய்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, கல்லூரியின் முதல் முகம் பேராசிரியர் அல்லர், அலுவலக எழுத்தரே. படிப்புச் சான்றிதழுக்கும் உதவித்தொகைப் படிவத்துக்கும் நான்கு முறை அலைக்கழிக்கப்படுபவன், ‘இவ்விடம் எனக்குரியதன்று’ என்னும் பாடத்தைத் தெளிவாகக் கற்றுக்கொள்கிறான். எவ்வெத் தாள்கள் வேண்டும் என்பதை முதல் முறையிலேயே எழுதிக்கொடுத்தல் எளிய செயல். கட்டணம் செலுத்தாதோர் பெயரை வகுப்பில் வாசித்தல் அறவே நிறுத்தப்பட வேண்டும். இவற்றில் அலுவலரைப் பயிற்றுவிப்பது நிருவாகத்தின் கடமை. அவர்களையும் ஆசிரியப் பணியின் பங்காளராக மதிப்பது நம் கடமை.

மூன்றாவது, தமிழ்வழி பயின்று ஆங்கிலவழி வகுப்பில் அமர்பவனுக்குத் தமிழில் வினவும் உரிமை வேண்டும். இருபா இருபஃது போன்ற ஒரு நூல் பிறந்த ஊரின் பக்கத்தில், ஆங்கிலம் வாராமையால் வினாவே எழாத வகுப்புகள் இருத்தல் வருந்தத்தக்கது. முதற் பருவத்தில் அரியர் வைத்தோரை அடுத்த தேர்வு வரை காத்திராமல், சிறு குழுக்களாக அமர்த்திக் கற்பித்தல் வேண்டும்.

நான்காவது, முறையிடுபவனைப் பகைவனாகக் கொள்ளற்க. விடுதி உணவைக் குறைகூறுபவன் இன்னும் விடுதியைத் தன்னுடையதென எண்ணுகிறான். பேச்சற்றுப் போனவனைக் குறித்தே அஞ்ச வேண்டும். இறையியல் மாணவன் ஒருவன் தன் அழைப்பையே ஐயுறும்போது, அவ்வையத்தை ஒழுங்குக் குற்றமாகப் பதியாமல், அங்கேயே அவனது இறையியல் தொடங்கக்கூடும் என ஆசிரியர் கருதுதல் வேண்டும்.

ஐந்தாவது, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருபவனோடு ஆசிரியர் ஒருவர் அமர்ந்து அரைமணி நேரம் பேசாமல் அதனை வழங்கலாகாது. பேசிய பின் தடைசெய்யவும் ஆகாது. காரணம் பணமாயின் உதவி தேடலாம். பேருந்தாயின் நேரத்தை மாற்றலாம். வீட்டாரின் முடிவாயின் வீட்டிற்கே சென்று பேசலாம். அவற்றின் பின்னும் அவன் போவானாயின், சான்றிதழ்களைத் தந்து, திரும்பி வரும் வழியையும் சொல்லி அனுப்புதல் வேண்டும்.

முடிவுரை

இடைநின்ற மாணவன் ஒருவனைத் திருமறையும் அறியும். பம்பிலியாவில் பவுலையும் பர்னபாவையும் விட்டு எருசலேமுக்குத் திரும்பிய யோவான் மாற்குவே அவன் (அப். 13:13). அடுத்த பயணத்தில் அவனை அழைத்துச் செல்லப் பவுல் மறுத்தார், பர்னபா விடவில்லை. அதன்பொருட்டு அவ்விருவரும் பிரிந்தனர் (அப். 15:37-39). பவுலின் மறுப்பில் நியாயமில்லை என்பதற்கில்லை. தடுமாறும் உள்ளத்தினனுக்கு இடமில்லை என்று பவணந்தியாரும் கூறியிருப்பார். ஆயினும் பின்னாளில், மாற்குவை அழைத்து வரும்படியும் அவன் ஊழியத்திற்குப் பயனுள்ளவன் என்றும் எழுதுகிற வரிகள் பவுலின் பெயராலேயே நமக்குக் கிடைத்துள்ளன (2 தீமோ. 4:11). இடைப்பட்ட ஆண்டுகளில் அவனைப் பயனுள்ளவனாக்கிய பாடம் எதுவென நூல் கூறவில்லை; யாருடன் கப்பலேறினான் என்பதை மட்டும் கூறுகிறது.

எருசலேமில் சீடர் எல்லாரும் சவுலைக் கண்டு அஞ்சியபோது அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவரும் பர்னபாவே (அப். 9:26-27). விலக்கும் பட்டியலைப் பின்பற்றியிருந்தால் பவுலும் வெளியே நின்றிருப்பார். ஆண்டுதோறும் கல்லூரிப் பேரவைகளில் சேர்க்கைத் தொகை வாசிக்கப்படுகிறது. அதனோடு, சேர்ந்து விலகியவர்களின் பெயர்களும், அவர்களோடு கடைசியாக எந்த ஆசிரியர் பேசினார் என்பதும் வாசிக்கப்படுமானால், அந்த அமர்வில் நாம் மாணவரை மட்டுமல்லாமல் நம்மையும் அளந்தவர்களாவோம்.